சீன மூலிகைக் கசாயம் ஃப்ளூவைத் தீர்க்குமா? சோதித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஃப்ளூ காய்ச்சலுக்கு எதைக் கொடுத்தாலும் அது நல்ல மருந்தாகத்தான் தெரியும். பெரும்பாலானோருக்கு அந்தக் காய்ச்சல் ஒரு வாரத்தில் தானாகவே இறங்கிவிடும் என்பதே காரணம். இரண்டாம் நாள் கசாயம் குடித்தவர் ஐந்தாம் நாள் எழுந்து நடமாடுவார், கசாயத்தைப் புகழ்வார். எதுவுமே குடிக்காமல் படுத்திருந்த பக்கத்து வீட்டுக்காரரும் அதே ஐந்தாம் நாள் எழுந்திருப்பார். ஆனால் அவரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தப் பக்கத்து வீட்டுக்காரரைக் கணக்கில் சேர்ப்பதுதான் மருந்துச் சோதனை என்பதன் சாரம். ஆய்வகக் கருவிகள், எலிகள், வரைபடங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மருந்தியல் மாணவர்கள், சித்த மருத்துவம் பயில்வோர், ‘சீன மூலிகை வைரஸைக் கொன்றது’ என்ற செய்தியை வெளியிடுவதா வேண்டாமா என்று யோசிக்கும் இதழாளர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக ஒரே மருந்தை வைத்துக்கொள்வோம்: ‘மாசிங் ஷிகான் – யின்சியாவ் சான்’. இது இரண்டு பழைய மருந்துகளின் கூட்டு. முன்பாதி, ஹான் வம்சத்தின் இறுதிக் காலத்தில் வாழ்ந்த சாங் சோங்சிங் என்ற மருத்துவரின் நூலிலிருந்து வருவது. பின்பாதி, 1798-இல் வூ ஜூதோங் எழுதிய வெப்பநோய் நூலில் உள்ளது. 2009-இல் எச்1என்1 என்ற பன்றிக் காய்ச்சல் வகை ஃப்ளூ பரவியபோது, சீனாவின் 4 மாகாணங்களில் 11 மருத்துவமனைகளைச் சேர்ந்த 410 நோயாளிகளிடம் இந்தக் கூட்டு சோதிக்கப்பட்டது. முடிவு 2011-இல் ‘அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்’ இதழில் வெளியானது. சீன மூலிகைக்கும் ஃப்ளூவுக்கும் நடந்த ஆய்வுகளில் ஓரளவு ஒழுங்காக நடந்தவற்றில் இது ஒன்று. அதன் பலமும் ஓட்டையும் நமக்குப் பாடமாகும்.

1. முதலில் கேள்வியைச் சுருக்குங்கள்

‘இந்த மூலிகை ஃப்ளூவுக்கு நல்லதா?’ என்பது சோதிக்கக்கூடிய கேள்வி அல்ல. காய்ச்சல் சீக்கிரம் இறங்குகிறதா? மூக்கிலும் தொண்டையிலும் உள்ள வைரஸ் சீக்கிரம் குறைகிறதா? நிமோனியா வராமல் தடுக்கிறதா? வீட்டில் ஒருவருக்கு வந்தபின் மற்றவர்களுக்குத் தொற்றாமல் காக்கிறதா? இவை நான்கும் தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்கு ‘ஆம்’ என்ற விடை கிடைத்ததால் மற்றவற்றுக்கும் ‘ஆம்’ என்று ஆகிவிடாது.

அடுத்து, யாருடைய நோய் என்பது. சளி, இருமல், காய்ச்சல் என்று வருகிறவர்களில் பலருக்கு இருப்பது இன்ஃபுளுயென்சாவே (ஃப்ளூவின் முழுப்பெயர்) அல்ல. வேறு வைரஸ்களும் இதே அறிகுறிகளைத் தரும். ஆகவே பிசிஆர் சோதனையில் இன்ஃபுளுயென்சா உறுதியானவர்களை மட்டும் சேர்க்க வேண்டும், அதுவும் அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் சேர்ப்பது நல்லது. அதன்பின் வைரஸின் எண்ணிக்கை தானாகவே இறங்கத் தொடங்கிவிடும். இறங்குகிறதைப் பிடித்துக்கொண்டு நாம் இறக்கிவிட்டோம் என்று சொல்வது எளிது.

2. மூலிகை எது என்று உறுதி செய்யுங்கள்

இங்கேதான் நிறைய ஆய்வுகள் தொடங்கும்போதே தவறிவிடுகின்றன. பெயர் ஒன்றாக இருக்கும், செடி வேறாக இருக்கும். சீனாவில் சளி, காய்ச்சல் என்றாலே வீட்டில் கரைத்துக் குடிக்கும் ‘பான்லான்கென்’ குருணையை எடுத்துக்கொள்ளுங்கள். 2003-இல் குவாங்தோங் மாகாணத்தில் சார்ஸ் பரவுகிறது என்ற வதந்தி கிளம்பியபோது, மக்கள் வினிகரையும் இதையும் கடைகளில் முண்டியடித்து வாங்கினார்கள். வடக்கே பான்லான்கென் என்பது ஐசாட்டிஸ் இண்டிகோட்டிகா என்ற கடுகுக் குடும்பச் செடியின் வேர். தெற்கே அதே பெயரில் விற்பது ஸ்ட்ரோபிலாந்தஸ் குசியா, அதாவது நம் நீலகிரிக் குறிஞ்சியின் பேரினத்தைச் சேர்ந்த செடி. இரண்டும் சாயச் செடிகள் என்பதைத் தவிர உறவே இல்லை. சீன மருந்துத் தரநூல் இரண்டையும் தனித்தனிப் பதிவுகளாகவே வைத்திருக்கிறது. ஆய்வுக் கட்டுரையில் வெறுமனே ‘பான்லான்கென் பயன்படுத்தப்பட்டது’ என்று எழுதியிருந்தால் அதை யாராலும் திரும்பச் செய்து பார்க்க முடியாது.

நமக்குத் தெரிந்த அன்னாசிப்பூவிலும் இதே சிக்கல் உண்டு. பிரியாணியில் போடும் சீன அன்னாசிப்பூவிலிருந்துதான் ஷிகிமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்து, ‘டாமிஃப்ளூ’ என்று விற்கப்படும் ஓசல்டாமிவிர் என்ற ஃப்ளூ மருந்தைத் தயாரித்தார்கள். பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் ஜப்பானிய அன்னாசிப்பூவோ நச்சு. (டாமிஃப்ளூவே மூலிகை மருந்துதான் என்று இதை வைத்து வாதிடுவோர் உண்டு. ஷிகிமிக் அமிலம் வெறும் மூலப்பொருள். பல வேதிவினைகளைக் கடந்த பிறகே அது மருந்தாகிறது. அன்னாசிப்பூத் தண்ணீர் குடித்தால் ஓசல்டாமிவிர் கிடைக்காது.)

மூலிகை மாறிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு பெல்ஜியம் சாட்சி. 1990-களின் தொடக்கத்தில் அங்கே உடல் எடை குறைக்கும் மருந்தில் ‘ஃபாங்ஜி’ என்ற சீன மூலிகைக்குப் பதிலாகப் பெயரில் நெருங்கிய ‘குவாங் ஃபாங்ஜி’ கலந்துவிட்டது. அதில் இருந்த அரிஸ்டோலோகிக் அமிலம் சுமார் 100 பெண்களின் சிறுநீரகங்களைப் பாழாக்கியது. பிற்பாடு சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது.

ஆகவே செய்ய வேண்டியவை இவை. தாவரவியல் அறிஞர் ஒருவர் ஒவ்வொரு சரக்கையும் பார்த்து அடையாளம் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரியை உலர்த்தாவரக் காப்பகத்தில் எண்ணுடன் வைக்க வேண்டும். எந்த ஊரில், எந்த மாதத்தில் பறித்தது, செடியின் எந்தப் பகுதி என்பதை எழுத வேண்டும். பிறகு, கலவையிலுள்ள வேதிப்பொருள்களைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி கருவியில் ஓட்டி வேதிக் கைரேகை எடுக்க வேண்டும். ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம், பூச்சிக்கொல்லி எச்சம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். இன்னொன்றையும் சேர்த்துத் தேடுங்கள்: யாராவது கமுக்கமாகப் பாராசிட்டமாலையோ ஸ்டீராய்டையோ கலந்திருக்கிறார்களா என்று. மூலிகை மருந்துகளில் இப்படிக் கலப்படம் பிடிபடுவது அபூர்வமல்ல. காய்ச்சல் மருந்தில் பாராசிட்டமால் கலந்திருந்தால் உங்கள் ஆய்வு அமோகமாக வெற்றி பெறும்.

நம் எடுத்துக்காட்டுக் கூட்டில் 12 சரக்குகள்: தேனில் வறுத்த மாஹுவாங், ஜிப்சம் என்ற கனிமம், ஆப்ரிகாட் விதைப்பருப்பு, சீன அதிமதுரம், ஜின்யின்ஹுவா என்ற ஹனிசக்கிள் மொட்டு, லியான்சியாவ் காய், புதினா வகையான போஹே, நியுபாங் விதை, ஹுவாங்சின் வேர், சிங்ஹாவ், ஜிமு கிழங்கு, பெய்மு குமிழ். பன்னிரண்டுக்கும் மேலே சொன்ன அத்தனையையும் செய்ய வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் தப்பிக்க வழியில்லை.

3. கசாயத்தைக் காய்ச்சும் முறையை எழுதி வையுங்கள்

சீன முறையில் எல்லாச் சரக்கையும் ஒரே நேரத்தில் பானையில் போடுவதில்லை. ஜிப்சத்தை முதலில் போட்டு நெடுநேரம் கொதிக்கவிடுவார்கள். புதினாவைக் கடைசி சில நிமிடங்களில்தான் சேர்ப்பார்கள், இல்லாவிட்டால் அதன் எண்ணெய் ஆவியாகிவிடும். இதைக் கவனிக்காமல் ஆய்வகத்தில் எல்லாவற்றையும் அரைத்து எத்தனாலில் ஊற வைத்துச் சாறெடுத்தால், அது வேறு மருந்து. அந்தச் சாறு வைரஸைத் தடுத்தாலும் மருத்துவர் கொடுக்கும் கசாயத்தைப் பற்றி அது எதையும் சொல்லாது.

அளவிட வேண்டியது பானைக்குள் போட்டதை அல்ல, பானையிலிருந்து வடித்ததை. ஜிப்சம் தண்ணீரில் லிட்டருக்கு 2 கிராம் அளவில்தான் கரையும். கைநிறைய அள்ளிப் போட்டாலும் கசாயத்துக்கு வந்து சேர்வது சிறிதளவே.

சிங்ஹாவ் இன்னும் சுவையான கதை. மலேரியாவுக்கு எதிரான ஆர்ட்டெமிசினின் இந்தச் செடியிலிருந்துதான் வந்தது. மலேரியாவுக்கு மருந்து தேட 1967-இல் சீனா தொடங்கிய ‘523 திட்டத்தில்’ பணியாற்றிய து யோயோ, கொதிக்க வைத்து எடுத்த சாறுகள் நிலையான பலன் தராததைக் கண்டார். செடியை நீரில் ஊற வைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்கச் சொன்ன கே ஹோங் என்ற பழைய மருத்துவரின் குறிப்பைப் படித்துவிட்டு, சூட்டைத் தவிர்த்து ஈதரில் சாறெடுத்தார். 1971 அக்டோபரில் 191-ஆம் எண் மாதிரி எலி மலேரியாவை முழுமையாக அடக்கியது. 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. இதைச் சொல்லி ‘பார்த்தீர்களா, சீன மூலிகை வென்றது’ என்பவர்கள் நடுவில் நடந்ததை விட்டுவிடுகிறார்கள். நூற்றுக்கணக்கான சாறுகள் தோற்றன, தோற்றதை அவர்கள் தோற்றதாகவே எழுதி வைத்தார்கள். நம் ஃப்ளூக் கசாயத்தில் சிங்ஹாவ் கொதிக்கிறது. ஆகவே அதன் பலனை ஆர்ட்டெமிசினின் கணக்கில் எழுத முடியாது.

மொத்த ஆய்வுக்கும் தேவையான கசாயத்தை ஒரே தொகுதியாகத் தயாரிப்பது நல்லது. முடியாவிட்டால் ஒவ்வொரு தொகுதிக்கும் கைரேகை எடுத்து ஒப்பிட வேண்டும்.

4. செல் சோதனை

ஃப்ளூ ஆய்வுக்கு வழக்கமாகப் பயன்படுவது எம்டிசிகே எனப்படும் நாயின் சிறுநீரகச் செல்கள். பருவகால ஃப்ளூ வைரஸை இரண்டாம் நிலை உயிரிப் பாதுகாப்பு ஆய்வகத்தில் கையாளலாம். எச்5என்1 போன்ற பறவைக் காய்ச்சல் வைரஸுக்கு மூன்றாம் நிலை வேண்டும். அது இல்லாதவர்கள் ஆசைப்படவே கூடாது.

முதலில் வைரஸ் இல்லாமல், கசாயம் செல்களைக் கொல்கிறதா என்று பாருங்கள். பாதிச் செல்கள் சாகும் செறிவு ஒன்று கிடைக்கும். பிறகு வைரஸைச் சேர்த்து, அதன் பெருக்கத்தைப் பாதியாகக் குறைக்கும் செறிவைக் காணுங்கள். முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுத்தால் வருவது தேர்வுக் குறியீடு. அது 10-க்கு மேல் இருந்தால் மேலே யோசிக்கலாம். 2 அல்லது 3 என்றால், கசாயம் செல்லை நலிவடையச் செய்கிறது, நலிந்த செல்லில் வைரஸ் வளரவில்லை, அவ்வளவுதான். பினாயில்கூட இந்தச் சோதனையில் வைரஸைக் கொல்லும்.

அடுத்த பொறி டானின். துவர்ப்புச் சுவை தரும் இந்தப் பொருள்கள் கண்ட புரதத்தில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். கசாயத்தையும் வைரஸையும் முன்கூட்டியே கலந்து வைத்துவிட்டுச் செல்லில் ஊற்றினால் வைரஸ் செயலிழந்துதான் போகும். தேயிலையின் கேட்டச்சின்களும் இதைச் செய்யும். ஆனால் குடித்த கசாயத்தின் டானின் நுரையீரலுக்குப் போய் அங்குள்ள வைரஸோடு கலப்பதில்லை. எனவே மூன்று விதமாகச் செய்யுங்கள்: தொற்றுக்கு முன், தொற்றும்போது, தொற்றி சில மணி நேரம் கழித்து. மூன்றாவதில் பலன் தெரிந்தால்தான் நோயாளிக்குப் பொருந்தும் செய்தி. டானினை நீக்கிய கசாயத்தையும் சேர்த்துச் சோதித்தால் இன்னும் நல்லது.

ஃப்ளூ வைரஸின் நியூராமினிடேஸ் நொதியைத் தடுக்கிறதா என்று ஒளிரும் சோதனையில் பார்ப்பதும் வழக்கம். ஆனால் மூலிகைகளில் உள்ள ஃபிளேவனாய்டு என்ற பொருள்கள் அந்த ஒளியையே விழுங்கிவிடும். நொதி நின்றதா, விளக்கு மங்கியதா என்று தெரியாது. வேறொரு முறையிலும் உறுதிசெய்யாமல் எழுதாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இரத்தத்தில் என்ன சேர்கிறது? ஹுவாங்சின் வேரின் பைக்காலின் ஆய்வுத் தட்டில் நன்றாக வேலை செய்யும். வாய்வழி போனாலோ, குடல் பாக்டீரியா அதிலிருந்து சர்க்கரைப் பகுதியை வெட்டிவிடும். உறிஞ்சப்பட்ட பின் உடல் மறுபடியும் அதை ஒட்டி, இணைந்த வடிவிலேயே இரத்தத்தில் பெருமளவு சுற்றவிடும். தட்டில் பயன்படுத்திய செறிவு இரத்தத்தில் எட்டக்கூடியதா என்ற ஒரே கேள்வியில் பாதிக் கட்டுரைகள் அடங்கிப்போகும்.

சில சமயம் எதிர்பாராதது வரும். ஹனிசக்கிளில் உள்ள எம்ஐஆர்2911 என்ற சிறு ஆர்என்ஏ, கொதித்தாலும் அழியாமல் கசாயத்தில் தங்கி, அதைக் குடித்த எலியின் நுரையீரல்வரை போய் இன்ஃபுளுயென்சா ஏ வைரஸைத் தடுக்கிறது என்று நான்ஜிங் பல்கலைக்கழகக் குழு 2015-இல் ‘செல் ரிசர்ச்’ இதழில் எழுதியது. உணவிலுள்ள தாவர ஆர்என்ஏ விலங்கு உடலில் வேலை செய்யும் என்பதையே ஏற்காத அறிஞர்கள் பலர். இப்படிப்பட்ட முடிவை வேறு ஆய்வகங்கள் தனியாகச் செய்து காட்டும்வரை, நோயாளிக்கு மருந்து எழுதும் அளவுக்கு அதை நம்ப வேண்டியதில்லை.

5. விலங்குச் சோதனை

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எலிக்கு இயல்பாக மனித ஃப்ளூ வராது. அதனால் எலிக்குப் பழக்கப்படுத்திய பிஆர்8 என்ற 1934-ஆம் ஆண்டு வைரஸை மூக்கில் விடுவார்கள். பெரும்பாலான ஆய்வக எலி வகைகளுக்கு எம்எக்ஸ்1 என்ற எதிர்ப்பு மரபணு செயல்படுவதில்லை. ஆகவே எலி எடை குறையாமல் பிழைத்தது என்பது ஊக்கம் தரும் செய்தி மட்டுமே. மருந்தைத் தொற்றுக்கு மூன்று நாள் முன்பே தொடங்கும் ஆய்வுகளைச் சந்தேகியுங்கள். எந்த நோயாளியும் காய்ச்சல் வருவதற்கு மூன்று நாள் முன்பு மருத்துவரிடம் வருவதில்லை. எலிக்கான அளவு, உடல் எடைக் கணக்கில் மனித அளவைப் போல ஏறத்தாழ 12 மடங்கு. அதைவிடப் பல மடங்கு கொடுத்திருந்தால் மனிதனுக்கு எத்தனை குடம் கசாயம் ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். வசதி இருந்தால், கீரியைப் போன்ற தோற்றமுள்ள ஃபெரெட் நல்ல விலங்கு. 1933-இல் லண்டனில் மனித ஃப்ளூ வைரஸைப் பிரித்ததே அதன் மூக்கில்தான். அது தும்மும், அதற்குக் காய்ச்சலும் வரும்.

6. பாதுகாப்பு

இயற்கையானது என்பதால் தீங்கில்லை என்ற பேச்சை ஆய்வகத்துக்கு வெளியே விட்டுவிடுங்கள். மாஹுவாங்கில் எபெட்ரின் இருக்கிறது. அது இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். எபெட்ரா (மாஹுவாங்கின் தாவரப் பெயர்) கலந்த உணவுத் துணைப்பொருள்களை அமெரிக்கா 2004-இல் தடை செய்தது. விளையாட்டு வீரர்கள் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிக்கொள்வார்கள். ஆப்ரிகாட் பருப்பின் அமிக்டலின் உடலில் சயனைடை விடுவிக்கக்கூடியது. அதிமதுரம் அதிகமானால் பொட்டாசியம் இறங்கும். ஹுவாங்சின் தொடர்பாகக் கல்லீரல் பாதிப்புப் பதிவுகள் உள்ளன. எனவே இதய நோயாளிகள், உயர் இரத்த அழுத்தம் உள்ளோர், கர்ப்பிணிகள் முதல் ஆய்வில் வேண்டாம். இரத்த அழுத்தம், இசிஜி, பொட்டாசியம், கல்லீரல் நொதி ஆகியவற்றைத் தொடக்கத்திலும் முடிவிலும் பாருங்கள். 2011 ஆய்வில் கசாயம் குடித்தவர்களில் இருவருக்குக் குமட்டலும் வாந்தியும் வந்தன. நல்ல செய்திதான். ஆனால் சில நூறு பேரில் அபூர்வமான தீங்கு தெரியவே தெரியாது.

7. மனிதரிடம் சோதிப்பது

ஆய்வுத் திட்டத்தை அறநெறிக் குழுவின் ஒப்புதலோடு, முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதியுங்கள். சீனாவில் இதற்கான பதிவேடு சிச்சுவான் பல்கலைக்கழகத்தின் மேற்குச் சீன மருத்துவமனையில் இயங்குகிறது. முதன்மை அளவீடு எது என்பதை அப்போதே எழுதிவிட வேண்டும். இருபது அளவீடுகளை எடுத்துவிட்டு எது நன்றாக வந்ததோ அதை முதன்மை என்று பிறகு சொல்லும் வழக்கத்துக்கு இதுவே பூட்டு.

*சீன நோய்க்கணிப்பை என்ன செய்வது?* சீன மருத்துவத்தில் ஃப்ளூ என்று ஒரே நோய் இல்லை. காற்று–வெப்பம், காற்று–குளிர் என்று ஆளுக்கு ஆள் கணிப்பு மாறும், மருந்தும் மாறும். ‘எங்கள் மருத்துவத்தை உங்கள் சோதனையில் அடக்க முடியாது’ என்ற வாதம் இங்கிருந்து வருகிறது. அடக்கலாம். முதலில் பிசிஆர். பிறகு இரண்டு சீன மருத்துவர்கள் ஒருவருக்கொருவர் பேசாமல் கணிக்கட்டும். இருவரும் காற்று–வெப்பம் என்று சொன்னவர்களை மட்டும் குலுக்கலுக்கு அனுப்புங்கள். இருவருக்கும் அடிக்கடி கருத்து ஒத்துப்போகவில்லை என்றால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு, அதையும் எழுதுங்கள்.

*குலுக்கல்.* யார் எந்தக் குழு என்பதைக் கணினி தீர்மானிக்க வேண்டும், சேர்க்கும் மருத்துவருக்கு அது முன்கூட்டித் தெரியக் கூடாது. கேட்க எளிது. வூ தைசியாங் என்ற ஆய்வாளரின் குழு, சீன இதழ்களில் ‘குலுக்கல் முறை ஆய்வு’ என்று வெளியானவற்றின் ஆசிரியர்களைத் தொலைபேசியில் அழைத்து, எப்படிக் குலுக்கினீர்கள் என்று கேட்டது. 2235 கட்டுரைகளின் ஆசிரியர்கள் பேசினார்கள். உண்மையான குலுக்கல் என்று ஏற்கத்தக்கவை 207 மட்டுமே. 2009-இல் வெளியான இந்த முடிவில் ஆங்கில மருத்துவ ஆய்வுகளும் அடக்கம், ஆகவே இது மூலிகைக்காரர்களின் குற்றம் மட்டும் அல்ல. ஒரு தொலைபேசி அழைப்பு இத்தனையைப் புரட்டிப்போட்டது என்பதை நினைக்கும்தோறும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

*மருந்துப்போலி.* அசலைப் போலவே தோன்றி, மருந்து எதுவும் செய்யாத பொருள் இது. கசாயத்துக்குப் போலி செய்வது உண்மையிலேயே கடினம். நிறம், மணம், கசப்பு, தொண்டையில் தங்கும் துவர்ப்பு எல்லாம் ஒத்திருக்க வேண்டும். எரித்த சர்க்கரை நிறமும் கசப்பூட்டியும் சேர்த்துச் செய்யலாம். அசல் கசாயத்தையே 5 விழுக்காடு அளவுக்கு நீர்த்துச் சேர்ப்பதும் உண்டு. கசாயத்தைக் குருணையாக்கி உறையில் அடைத்தால் வேலை சற்று இலகு. அசல் மருந்தைக் குடித்தே அறியாதவர்களிடம் இரண்டையும் கொடுத்து வேறுபாடு தெரிகிறதா என்று முன்னதாகச் சோதியுங்கள். ஆய்வு முடிவில் நோயாளிகளிடம் ‘நீங்கள் குடித்தது எது என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். பெரும்பாலோர் சரியாகச் சொன்னால் மறைப்பு கிழிந்துவிட்டது.

*எதை அளப்பது?* காய்ச்சல் இறங்கிய நேரம் மட்டும் போதாது. பாராசிட்டமாலும் காய்ச்சலை இறக்கும், அது வைரஸை ஒன்றும் செய்யாது. ஃப்ளூ மருந்து ஆய்வுகளில் இருமல், தொண்டைவலி, தலைவலி, மூக்கடைப்பு, காய்ச்சல் உணர்வு, உடல்வலி, சோர்வு ஆகிய ஏழும் ‘இல்லை’ அல்லது ‘லேசு’ என்ற நிலைக்கு வந்து, ஏறத்தாழ ஒரு நாள் அப்படியே நீடிக்கும்வரை ஆகும் நேரத்தை அளக்கிறார்கள். 2018-இல் வெளியான, பலாக்சவிர் என்ற ஃப்ளூ மருந்தின் ஆய்வில் இது மருந்துக் குழுவுக்கு 53.7 மணி, போலிக் குழுவுக்கு 80.2 மணி. இதோடு தினமும் மூக்கு மாதிரி எடுத்து வைரஸின் அளவைப் பாருங்கள். இடையில் விழுங்கிய ஒவ்வொரு பாராசிட்டமால் மாத்திரையையும் குறித்து வையுங்கள்.

*எத்தனை பேர்?* பெரும்பாலோர் விழும் குழி இது. ஓசல்டாமிவிரே பெரிய வித்தைக்கார மருந்து இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2014 ஆய்வுப்படி, அது பெரியவர்களின் அறிகுறிகளை 7 நாளிலிருந்து 6.3 நாளாக, அதாவது சுமார் 17 மணி நேரம் குறைக்கிறது. நோயாளிகளுக்கிடையே நோய்க்காலம் 75 மணி நேரம் முன்பின்னாக விலகும் என்று வைத்துக்கொண்டால், இந்த 17 மணி வேறுபாட்டைப் பிடிக்கவே ஒரு குழுவுக்குச் சுமார் 300 பேர் வேண்டும். ‘எங்கள் கசாயம் ஓசல்டாமிவிருக்குக் குறைந்ததல்ல’ என்று நிறுவ வேண்டுமானால் இன்னும் கடினம். 17 மணியில் பாதியைக்கூட இழக்கவில்லை என்று காட்ட வேண்டும். 8 மணி வரம்பு என்றால் அதே கணக்கில் குழுவுக்கு 1,300 பேருக்கு மேல்.

இப்போது லியான்ஹுவா சிங்வென் என்ற இன்னொரு சீன மூலிகை உறை மருந்தின் 2011 ஆய்வைப் பாருங்கள். 244 நோயாளிகள், இரட்டை மறைப்பு (யாருக்கு எது என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாது), எதிரே ஓசல்டாமிவிர். நோய்க்காலம் முறையே 69 மணியும் 85 மணியும், வைரஸ் வெளியேறிய காலம் 103 மணியும் 96 மணியும். இரண்டிலும் வேறுபாடு புள்ளியியல்படி பொருட்படுத்தத் தக்கதல்ல. இதிலிருந்து ‘டாமிஃப்ளூவுக்குச் சமம்’ என்ற செய்தி கிளம்பியது. வேறுபாடு தெரியவில்லை என்பதும் சமம் என்பதும் ஒன்றல்ல. போலிக் குழு இல்லாததால், அந்தப் பருவத்தில் அந்த நோயாளிகள் எதுவும் சாப்பிடாமலே எத்தனை மணியில் தேறியிருப்பார்கள் என்பதும் தெரியாது. முதலில் சொன்ன பக்கத்து வீட்டுக்காரர் இங்கே இல்லை.

8. முடிவைப் படிப்பது

நம் எடுத்துக்காட்டின் முடிவுக்கு வருவோம். 410 பேர் நான்கு குழுக்கள். காய்ச்சல் இறங்க ஆன நேரத்தின் இடைநிலை அளவு: மருந்து தராத குழுவுக்கு 26 மணி, ஓசல்டாமிவிருக்கு 20, கசாயத்துக்கு 16, இரண்டும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு 15. பிசிஆரில் உறுதியான நோயாளிகள், சரியான குலுக்கல், மருந்தில்லாக் குழுவும் இருக்கிறது. இவை பலம்.

ஓட்டை எங்கே? மருந்துப்போலி இல்லை. கசப்புக் கசாயம் குடிப்பவருக்கும் எதுவும் குடிக்காதவருக்கும் தாங்கள் யார் என்று நன்றாகவே தெரியும். நாலு வேளை மருந்தோடு வரும் கவனிப்பும் ஒரு பக்கத்துக்கே கூடுதல். அளவீடோ காய்ச்சல். எதுவும் கொடுக்காதவர்களுக்கே 26 மணியில் இறங்கியது என்றால் நோய் லேசானது, ஆகவே நிமோனியாவைத் தடுக்குமா என்ற கேள்விக்கு இங்கே விடை தேட முடியாது. அந்தக் கசாயம் காய்ச்சலை விரைவாக இறக்கியிருக்கலாம் என்று சொல்வது நியாயம். அது வைரஸைத் தாக்குகிறது என்று சொல்ல இந்த ஆய்வு போதாது. பயனற்றது என்று ஒதுக்குவதற்கும் இது இடம் தரவில்லை. அடுத்த ஆய்வு போலிக் கசாயத்தோடு நடக்க வேண்டும் என்பதே இதிலிருந்து கிடைக்கும் செய்தி.

ஜப்பானில் இதன் உறவுக்காரக் கசாயமான ‘மாவோதோ’வை ஓசல்டாமிவிரோடும், சனாமிவிர் என்ற இன்னொரு ஃப்ளூ மருந்தோடும் ஒப்பிட்டார்கள். காய்ச்சல் முறையே 29, 46, 27 மணி நேரம் நீடித்தது. மூன்று குழுவும் சேர்ந்து 28 பேர். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் இருவர் மெதுவாகத் தேறினாலே இடைநிலை அளவு தாவிவிடும்.

2013 காக்ரேன் தொகுப்பு, ஃப்ளூவுக்கான சீன மூலிகைகள் பற்றி 18 ஆய்வுகளையும் 2521 நோயாளிகளையும் அலசியது. பெரும்பாலான ஆய்வுகளின் தரம் குறைவு என்பதால் உறுதியான பரிந்துரை எதுவும் சொல்ல முடியவில்லை.

9. வெளியிடுவது, கையில் உள்ளதைச் செய்வது

கட்டுரை எழுதும்போது 2017-இல் வெளியான, சீன மருந்துக் கூட்டுகளுக்கான ‘கன்சார்ட்’ பட்டியலை, அதாவது ஆய்வுக் கட்டுரையில் எவற்றையெல்லாம் சொல்ல வேண்டும் என்ற பட்டியலை, வைத்துக்கொண்டு எழுதுங்கள். ஒவ்வொரு சரக்கின் அளவு, பதப்படுத்திய விதம், தரச்சோதனை, போலியின் சேர்மானம் எல்லாம் அதில் கேட்கப்பட்டிருக்கும். மருந்து நிறுவனம் பணம் கொடுத்திருந்தால் சொல்லிவிடுங்கள். தோற்ற முடிவையும் வெளியிடுங்கள்.

நமக்கு இதில் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. சீனர்கள் ‘சுவான்சின்லியான்’ என்று சளிக்காய்ச்சலுக்குக் கொடுப்பது நம் நிலவேம்புதான். தாய்லாந்தில் அதே செடியைக் கொரோனாவுக்குச் சோதித்த ஓர் ஆய்வு, புள்ளியியல் பிழை காரணமாக ஆய்வாளர்களாலேயே 2021-இல் திரும்பப் பெறப்பட்டது. நம் ஊர்க் குடிநீர்களுக்கும் மேலே சொன்ன படிகள் அப்படியே பொருந்தும், ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

ஒரு கல்லூரித் துறைக்கு இத்தனையும் எட்டாது. எட்டுவது இரண்டும் மூன்றும் படிகள்: ஒரு கூட்டின் சரக்குகளை அடையாளம் கண்டு, மூன்று நான்கு கடைகளில் வாங்கி, ஒரே முறையில் காய்ச்சி, வேதிக் கைரேகைகளை ஒப்பிட்டுத் தரவைப் பொதுவில் வைப்பது. இதற்கு வைரஸும் வேண்டாம், நோயாளியும் வேண்டாம். பிறகு யாராவது மருத்துவமனையில் பெரிய ஆய்வைத் தொடங்கும்போது முதலில் கேட்கப்போவது அந்தத் தரவைத்தான்.